எங்கிருந்து அளந்த உயரம்?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் நிற்கும் அடுக்குமாடிகளை அண்ணாந்து பார்த்தால், உச்சியில் கறுப்பு, நீலத் தண்ணீர்த் தாங்கிகள் வரிசையாகத் தெரியும். ஈர்ப்பழுத்த சக்தி என்று இலங்கைப் பாடநூல்களும், ஈர்ப்பு நிலை ஆற்றல் என்று தமிழ்நாட்டுப் பாடநூல்களும் சொல்லும் விடயத்துக்கு இதைவிட நல்ல ஆய்வுகூடம் கிடைப்பது அரிது. 1,000 லீற்றர் நீர், தரையிலிருந்து 20 மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். திணிவு 1,000 கிலோகிராம்; அதைப் புவியீர்ப்பு ஆர்முடுகலான 9.8 ஆலும் உயரமான 20 ஆலும் பெருக்கினால் 196,000 யூல். எண் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்சாரப் பட்டியலில் வரும் ஓர் அலகு 36 இலட்சம் யூல். அப்படியென்றால் மாடியில் ஏற்றிவைத்த ஒரு தொன் நீர் தருவது ஓர் அலகில் இருபதில் ஒரு பங்கை ஒட்டிய தொகை. 60 வாற்று மின்விசிறி ஒன்றை அதனால் ஒரு மணி நேரம்கூட ஓட்ட முடியாது. அதே நீரை ஒரேயொரு பாகை செல்சியஸ் சூடாக்க வேண்டுமானால் ஏறத்தாழ 42 இலட்சம் யூல் தேவை. அந்தச் சக்தியைக் கொண்டு நீரை உயர்த்தினால் அது 350 மீற்றர் உயரமுள்ள தாமரைக் கோபுரத்தையும் தாண்டி 400 மீற்றருக்கு மேலே போய் நிற்கும்.

இந்தக் கணக்கு தொடக்க மாணவரின் இரண்டு எண்ணங்களை அசைக்கிறது. உயரத்தில் பெருஞ்சக்தி குவிந்திருக்கிறது என்பது ஒன்று. அந்தச் சக்தி உயரத்தில் இருக்கும் பொருளுக்குள்ளே எங்கோ அடங்கியிருக்கிறது என்பது மற்றது. முதலாவது எண்ணத்தை எண்களே திருத்திவிடும். இரண்டாவது அவ்வளவு எளிதில் போகாது. பாடநூல் ஒரு பந்தை வரைந்து அதன் பக்கத்தில் ‘பந்தின் அழுத்த சக்தி’ என்று எழுதும்போதே அது மனதில் ஊன்றிவிடுகிறது. ஈர்ப்பழுத்த சக்தி நீரின் சொத்து அல்ல, இரண்டு மட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அந்த மட்டங்களையும் நாம் கண்ணால் காணும் உயரத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது என்பது அதன் கடைசிப் பகுதி.

அதே தாங்கிக்கு வருவோம். அதற்கு நேர் கீழே, மேல் மாடி வீட்டுக் குழாயில் நீர் மெலிந்து வரும். தரைத்தள வீட்டில் பீறிட்டு வரும். நீர் ஒன்று, தாங்கி ஒன்று, நேரமும் ஒன்று. சக்தி நீருக்குள்ளே இருந்திருந்தால் அதற்கு ஒரே மதிப்புத்தான் இருந்திருக்க வேண்டும். மேல் மாடிக் குழாய்க்கு நீர் இறங்கும் தூரம் 2 மீற்றர், தரைத்தளத்துக்கு 19 மீற்றர். வித்தியாசம் அங்கே இருக்கிறது. “அப்படியானால் சக்தி எவ்வளவு என்பதை நாமே இஷ்டப்படி தீர்மானிக்கலாமா? இது எப்படி விஞ்ஞானம் ஆகும்?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பூச்சியத்தை எங்கே வைப்பது என்பது நம் இஷ்டம். இறங்கும்போது கிடைக்கும் தொகை நம் இஷ்டம் அல்ல. வீதி மட்டத்தைப் பூச்சியமாக எடுத்தால் தாங்கி 20 மீற்றரில், ஒரு குழாய் 3 மீற்றரில், வேறுபாடு 17. கடல் மட்டத்தைப் பூச்சியமாக எடுத்து, வீதி அதற்கு 5 மீற்றர் மேலே இருக்கிறது என்று கொண்டால் தாங்கி 25 இல், குழாய் 8 இல். வேறுபாடு அப்போதும் 17. நிலத்துக்குக் கீழே கட்டிய தொட்டியில் உள்ள நீருக்கு முதல் கணக்கில் மறைப் பெறுமானம் வரும், இரண்டாவதில் நேர்ப் பெறுமானம் வரும். இரண்டிலும் நீர்ப்பம்பி இழுக்கும் மின்சாரம் மாறாது. பரீட்சையில் மாணவர் புள்ளி இழப்பது பெரும்பாலும் பெருக்கலில் அல்ல, இரண்டு வரிகளில் இரண்டு வேறு பூச்சியங்களை வைத்துக்கொள்வதில்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்த வேறுபாடு நீருக்கும் பூமிக்கும் பொதுவானது. பூமி நீரை இழுக்கும் அதே விசையோடு நீரும் பூமியை இழுக்கிறது. பூமியை எடுத்துவிட்டால் தாங்கி எவ்வளவு உயரத்தில் நின்றாலும் விழ இடமில்லை. சந்திரனில் வைத்தால் அதே 20 மீற்றருக்கு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே கிடைக்கும். பிறகு ஏன் நூல்கள் ‘பந்தின் சக்தி’ என்று எழுதுகின்றன? வசதிக்காக. ஒரு தொன் நீர் 20 மீற்றர் இறங்கும்போது பூமியும் அதை நோக்கி மேலே வருகிறது. ஆனால் வரும் தூரம் ஒரு புரோத்தனின் விட்டத்தில் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு அளவே. அந்தப் பங்காளியைக் கணக்கிலிருந்து விடுவதால் விடை பிழைப்பதில்லை, கருத்துத்தான் பிழைக்கிறது.

கொழும்பின் குடிநீர் வரலாறு இந்தக் கருத்தின் மேல் கட்டப்பட்டது என்றே சொல்லலாம். 1880களில் நகருக்கு நீர் கொடுக்கக் கிழக்கே காட்டுச் சரிவில் லபுகம நீர்த்தேக்கத்தைக் கட்டியவர்கள், அதை நகருக்குள் இருக்கும் மாளிகாகந்தைத் தேக்கத்தைவிட உயர்ந்த மட்டத்தில் அமைத்தார்கள். இடையில் குழாய் மேடு பள்ளமாக ஏறியிறங்கிப் போனாலும் நீர் தானாகவே வந்து சேர்கிறது. இரண்டு முனைகளின் வேறுபாடே அதற்குப் போதும், உராய்வில் போவதைக் கழித்தபின் மிச்சம் இருக்கும்வரை. பின்னர் வந்த களட்டுவாவை நீர்த்தேக்கமும் அதே வகை. அம்பத்தளை அப்படி அல்ல. அங்கே களனி ஆறு கடல் மட்டத்தை நெருங்கிவிட்ட நிலையில் நீர் எடுக்கப்படுகிறது. கொட்டாஞ்சேனைக்கு அருகே முகத்துவாரம் பக்கத்திலுள்ள எலி ஹவுஸ் தேக்கத்துக்கு அதை நீர்ப்பம்பி கொண்டுதான் ஏற்ற வேண்டும். குழாயில் வரும் இரண்டு நீரும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றை உயர்த்திய கூலி சூரியனுடையது, மற்றதற்கு மின்சாரப் பட்டியல் வருகிறது.

அம்பத்தளையில் ஓய்ந்து கிடக்கும் அதே களனி, மேலே என்ன செய்துவிட்டு வந்திருக்கிறது என்று பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். காலியில் பிறந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, 1918 இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தில் வாசித்த கட்டுரையில், மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியை மின்சாரமாக்குவது நாட்டுக்கு இலாபம் என்று எண்களோடு வாதிட்டார். 1924 இல் தொடங்கிய வேலை இடையில் நின்று, இழுபட்டு, 1950 இல்தான் லக்சபான நிலையமாக நிறைவேறியது. மூன்று ஆண்டுகள் கழித்து அவர் காலமானார். இன்று கடல் மட்டத்துக்கு 1,000 மீற்றருக்கும் சற்று மேலே, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தங்கும் நீர், முதலில் அவர் பெயரைக் கொண்ட நிலையத்தில் சுழலியைச் சுற்றி நோர்ட்டன் பிரிட்ஜ் தேக்கத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்து பழைய லக்சபான. பின்னர் பொல்பிட்டிய. அதற்கும் கீழே, கித்துள்கல பக்கத்தில் பிரோட்லண்ட்ஸ். “ஒருமுறை மின்சாரம் எடுத்த நீரில் மறுபடி எடுக்க என்ன மிச்சம் இருக்கிறது?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சக்தி நீருக்குள் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. வேறுபாடுதான் சக்தி என்றால் கேள்வியே எழாது: முதல் நிலையம் தன் மேல் மட்டத்துக்கும் கீழ் மட்டத்துக்கும் இடைப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டது, அடுத்த நிலையத்தின் பங்கு தொடப்படாமல் கீழே கிடக்கிறது. நீரில் எதுவும் தேய்ந்துபோகவில்லை. நான்கு நிலையங்கள் கடந்து கடைசியில் அது கொழும்பில் குடிக்கவும் உதவுகிறது.

ஆனாலும் உயரம் மிக மெலிந்த களஞ்சியம் என்பதை மறக்கக்கூடாது. ஒரு கன மீற்றர் நீர் முழுதாக 1,000 மீற்றர் இறங்கினால் 98 இலட்சம் யூல், அதாவது மூன்று அலகுக்கும் குறைவு. சமையலறையில் உள்ள 12.5 கிலோகிராம் எரிவாயுச் சிலிண்டர் எரிந்தால் வெளிவரும் வெப்பத்துக்கு ஈடாக ஏறத்தாழ 60 கன மீற்றர் நீர் அந்த உயரம் முழுவதும் இறங்க வேண்டும். மகாவலியில் விக்டோரியா நீர்த்தேக்கம் 72 கோடி கன மீற்றர் கொள்ளும். பழைய தெல்தெனிய நகரமே அதற்குள் மூழ்கியது. அத்தனை நீரும் சுமார் 190 மீற்றர் இறங்குவதாக வைத்துக்கொண்டால் கிடைப்பது ஏறத்தாழ 37 கோடி அலகு. தேக்க மட்டம் தாழத் தாழ இது குறையும், சுழலியிலும் கொஞ்சம் போகும். இதற்குச் சமமான வெப்பத்தை 29,000 தொன் எரிவாயு தந்துவிடும். ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு பக்கம், ஓரிரு கப்பல் சரக்கு மறுபக்கம். அப்படியானால் நீர்மின்சாரம் எதற்கு என்று கேட்டால், பதில் இரண்டு. எரிவாயு வெப்பத்தில் பாதியை ஒட்டிய பங்குதான் மின்சாரமாகும், நீரின் வீழ்ச்சியில் பத்தில் ஒன்பது பங்கு வரை ஆகும். அதைவிட முக்கியமானது, விக்டோரியாவை மறுபடி நிரப்பும் வேலையை மழை செய்கிறது, சிலிண்டரை நிரப்ப டொலர் வேண்டும். டொலர் இல்லாமல் எரிவாயு கிடைக்காத 2022 இல் இதைக் கொழும்புவாசிகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கண்ணுக்குத் தெரியும் உயரமே கணக்கில் வரும் உயரம் என்ற எண்ணத்தை உடைக்க, தலவாக்கலையில் 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தைப் பார்க்கலாம். விக்டோரியா அணை 122 மீற்றர். மேல் கொத்மலை அணை 35 மீற்றரை ஒட்டியது. அணையைப் பார்த்துச் சக்தியைத் தீர்மானிப்பவர் பின்னதை ஒதுக்கிவிடுவார். ஆனால் மலைக்குள் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கம் வழியே போகும் நீர், நிலக்கீழ் மின்நிலையத்தை அடையும்போது 490 மீற்றர் அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு கன மீற்றரும் விக்டோரியாவில் தருவதைப்போல் இரண்டரை மடங்கு தருகிறது. சுமார் 8 இலட்சம் கன மீற்றர் பயன்படு கொள்ளளவே உள்ள சின்னத் தேக்கம், 150 மெகாவாற்று நிலையத்தை ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஓட்டுவது அதனால்தான். அணை நீரை நிறுத்தி வைக்கிறது. உயரத்தைத் தருவது மலை.

இந்தத் திட்டத்துக்கு நீண்டகாலம் எதிர்ப்பு இருந்தது. 80 மீற்றர் உயரமுள்ள சென் கிளயர் நீர்வீழ்ச்சி வற்றிவிடும் என்பது அதில் ஒரு காரணம். பௌதிகவியலின் கண்ணில் அருவியாக விழுந்து போகும் ஆறும் சுரங்கமும் ஒரே இரண்டு மட்டங்களை இணைக்கும் இரண்டு பாதைகள். எந்தப் பாதையில் இறங்கினாலும் வெளிப்படும் தொகை ஒன்றே. அருவியில் அது எங்கே போகிறது? முதலில் வேகமாகிறது, அடிப்பாறையில் மோதி இரைச்சலும் சுழலுமாகி, முடிவில் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. 80 மீற்றர் விழுந்த நீர் 0.19 பாகை செல்சியஸ் சூடாகியிருக்க வேண்டும். 1845 இல் ஜேம்ஸ் யூல் இதே கணக்கை நயாகராவுக்குப் போட்டு, 160 அடி விழும் நீர் பாரனைட் பாகையில் ஐந்தில் ஒன்று சூடாகும் என்று எழுதினார். காற்றில் ஆவியாகிக் குளிர்வதும் சாரல் சிதறுவதும் குழப்புவதால் அருவியடியில் வெப்பமானி வைத்து இதைக் காட்டுவது கடினம். ஆய்வுகூடத்தில் விழும் எடையால் துடுப்பைச் சுழற்றி நீரைக் கலக்கி அவரால் காட்ட முடிந்தது. எதிர்ப்பாளர்கள் கணக்குத் தெரியாமல் பேசினார்கள் என்று சிலர் சொல்வது நியாயமில்லை. யூலில் அளக்கும்போது அருவி 0.19 பாகைக்கு மேல் எதையும் ‘தருவதில்லை’ என்பது உண்மை. அருவியின் பெறுமதியை யூலில் அளக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பகலில் அருவிக்கு ஓரளவு நீர் விடுவது என்ற ஏற்பாடு அந்த எதிர்ப்பால் வந்தது, சரியான ஏற்பாடுதான்.

இதுவரை பின்தொடர்ந்த வாசகர் ஒரு கூர்மையான ஆட்சேபம் எழுப்பலாம். பூச்சியத்தை இஷ்டப்படி வைக்கலாம், சக்தி பொருளுக்குள் இல்லை, தொட்டுக் காட்டவும் முடியாது. அப்படியானால் இது கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் ஒரு தந்திரம் அல்லவா? விழும்போது தோன்றும் வேகத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே எழுதிவைத்த கற்பனை வரவு? தந்திரமாக மட்டும் இருந்தால் எங்கோ ஓரிடத்தில் வரவும் செலவும் ஒட்டாமல் போயிருக்கும். கோயம்புத்தூர் மாவட்டத்தில், ஆனைமலைப் பகுதியில், 400 மெகாவாற்றுக் காடம்பாறை நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இதைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அங்கே கீழ்த்தேக்கத்து நீர் மேலே ஏற்றப்படும், தட்டுப்பாட்டு நேரத்தில் அதே நீர் இறக்கப்படும். இத்தகைய நிலையங்களில் போட்டதில் நான்கில் மூன்று பங்கு அளவு திரும்பி வருகிறது; மிச்சம் உராய்விலும் சுருள்களிலும் வெப்பமாகப் போனது என்று கணக்குக் காட்டலாம். இடைப்பட்ட மணி நேரங்களில் நீர் அசையாமல் கிடந்தது, சூடாகவும் இல்லை, நிறமும் மாறவில்லை. நீரை எவ்வளவு நுணுகிச் சோதித்தாலும் அதனுள் வைப்பிலிட்ட தொகையைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அது நீருக்கும் பூமிக்கும் இடைப்பட்ட நிலையில் இருக்கிறது. தொட முடியாததும் இல்லாததும் ஒன்றல்ல.

மறுபுறம், வேறுபாடு இல்லாவிட்டால் எவ்வளவு நீர் இருந்தும் பயனில்லை என்பதைக் கொழும்பைப்போல் காட்டும் இடம் குறைவு. மலையில் 1,000 மீற்றர் இறங்கிய களனிக்கு நகரை அடையும்போது மிஞ்சுவது சில மீற்றர்தான். நாகலகம் வீதி அளவுகோலில் ஆற்று மட்டம் 7 அடியைத் தாண்டினால் பெருவெள்ளம் என்று அறிவிப்பார்கள். 2016 மே மாதம் தாண்டியது, கொலன்னாவை பல நாள் நீரில் கிடந்தது. ஆறு நகரத்துக் கால்வாய்களைவிட உயர்ந்து நிற்கும்போது மதகை மூடிவிட்டு, கால்வாய் நீரைப் பம்பியால்தான் வெளியே தள்ள வேண்டும். வெள்ளவத்தைக் கால்வாய் வாயில் அலை மணலைக் குவித்துவிட்டால் அரை மீற்றர் மேடுகூட வடிகாலை நிறுத்தப் போதும். மழை நீர் அதே நீர்தான், லக்சபானவில் சுழலியைச் சுற்றும் நீர்தான். இங்கே அதற்கு இறங்க இடமில்லை.

இனிக் கடைசிப் பகுதி. இவ்வளவு நேரமும் ‘கடல் மட்டம்’ என்பதை ஐயத்துக்கு இடமில்லாத பூச்சியமாக எடுத்துக்கொண்டோம். 9.8 என்ற எண்ணையும் அப்படித்தான். அந்த எண்ணால் பெரிய தொல்லை இல்லை: கொழும்பில் அது 9.78, பரீட்சைத் தாளில் 10, பிதுருதாலகாலையின் 2,524 மீற்றர் உச்சிக்கு ஏறினால் உயரத்தால் குறைவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. கடல் மட்டம்தான் வியப்பு. பூமியைச் சீரான, துருவங்களில் சற்றே தட்டையான ஒரு கோளமாகக் கற்பனை செய்து அதன் பரப்போடு ஒப்பிட்டால், உலகக் கடல்களில் மிகப்பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது; அங்கே கடற்பரப்பு 106 மீற்றர் தாழ்ந்திருக்கிறது. நெதர்லாந்து அறிஞர் வெனிங் மைனெஸ் 1948 இல் கப்பலில் ஈர்ப்பை அளந்தபோது இது தெரியவந்தது. பூமியின் உட்பகுதியில் எது இதற்குக் காரணம் என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023 இல், ஆபிரிக்காவின் கீழிருந்து இப்பக்கமாக எழும் சூடான, அடர்த்தி குறைந்த பாறைப் பொருளைக் காரணமாக முன்வைத்தார்கள். மாறாக, நியூகினியை அண்டிய கடல் அந்தக் கற்பனைப் பரப்புக்கு ஏறத்தாழ 80 மீற்றர் மேலே நிற்கிறது. அங்கிருந்து இங்கே 180 மீற்றருக்கும் அதிகமான இறக்கம். விக்டோரியாவின் வீழ்ச்சியோடு ஒப்பிடத்தக்க இறக்கம், நடுவே அணையும் இல்லை. ஏன் அந்தக் கடல் இங்கே பாய்ந்து வரவில்லை?

ஏனென்றால் அது இறக்கமே அல்ல. தூரத்தால் அளக்கும் உயரம் வேறு, ஒரு கிலோகிராமை நகர்த்தச் செய்ய வேண்டிய வேலையால் அளக்கும் உயரம் வேறு. பூமியின் உட்பகுதி எங்கும் ஒரே அடர்த்தி அல்ல; ஈர்ப்பு மிகுந்த இடத்தில் நீர் குவிந்து நிற்கிறது, குறைந்த இடத்தில் தாழ்ந்து நிற்கிறது. நீரோட்டங்களை நடத்தும் ஒன்றிரண்டு மீற்றர் ஏற்றத்தாழ்வை ஒதுக்கிவிட்டால், கடற்பரப்பில் எங்கிருந்து எங்கே நீரை நகர்த்தினாலும் ஈர்ப்பால் வரவும் இல்லை, செலவும் இல்லை. திணிவையும் ஆர்முடுகலையும் உயரத்தையும் பெருக்கும் பள்ளிக்கூடச் சூத்திரம் ஓர் அடுக்குமாடிக்கும் ஒரு மலைக்கும் பிழையின்றிப் பொருந்துவது, அவ்வளவு சிறிய பரப்பில் இந்த இரண்டு உயரங்களும் ஒன்றுபோலவே நடந்துகொள்வதால்தான். சமுத்திர அளவுக்குப் போனால் அவை பிரிந்துவிடும், அங்கே வேலைதான் வெல்லும். செய்மதிகளைக் கொண்டு உயரம் அளக்கும் ஜிபிஎஸ் அந்தக் கற்பனைக் கோளத்திலிருந்து அளக்கிறது; பல கருவிகள் திருத்தம் செய்துதான் திரையில் எண்ணைக் காட்டும். திருத்தம் செய்யாத கருவி ஒன்று வெள்ளவத்தைக் கடற்கரையில் உங்கள் உயரம் மைனஸ் 90 மீற்றருக்கும் கீழே என்று காட்டினால், அதைப் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டாம்.